ஊர் நகரவில்லை, மாவட்டம் மாறியது!
கணிப்பொறிப் பதிவேடுகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் விதம்

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் மூட்டை மூட்டையாக எலுமிச்சை போகிறது. இந்தப் புளியங்குடி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

"தென்காசி மாவட்டம்" என்று உடனே சொல்வீர்கள். சரிதான். ஆனால் இதே கேள்வியை 2019-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி கேட்டிருந்தால், "திருநெல்வேலி மாவட்டம்" என்பதே சரியான விடை. மறுநாள், அதாவது நவம்பர் 22 அன்று, தமிழ்நாட்டின் 33-ஆவது மாவட்டமாகத் தென்காசி தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஒரே இரவில் புளியங்குடி ஓர் அங்குலமும் நகரவில்லை. எலுமிச்சை மரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஊரைப் பற்றிய பதிவேடுகளில் ஒரு சொல் மாற வேண்டியதாயிற்று.

இந்த வட்டாரத்திற்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அதுவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை, சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 1986-இல் திருநெல்வேலியிலிருந்து சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. 1997-இல் அதற்குத் தூத்துக்குடி மாவட்டம் என்று பெயர் வந்தது. பிறகு 2019-இல் தென்காசி. இப்படி ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு தேதி உண்டு. ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மாற்றிச் சொன்னால் வரலாறே குழம்பிவிடும்.

காகிதப் பதிவேட்டில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்று எழுதிவிடலாம். கணிப்பொறியில் இருக்கும் பதிவேடுகளை எப்படி மாற்றுகிறார்கள்? மாற்றிய பிறகு, என்ன மாற்றினோம் என்பதை எங்கே குறித்து வைக்கிறார்கள்? அந்தக் குறிப்பு தவறாகிவிட்டால் என்ன நேரும்? இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிரையும் நிரலும்

அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்திருப்பீர்கள். குறுக்கே செல்வது நிரை. மேலிருந்து கீழே செல்வது நிரல். கணிப்பொறியின் பதிவேடும் இப்படிப்பட்ட அட்டவணைகளால் ஆனதுதான். இவ்வாறு அட்டவணைகளாகத் தகவல்களைச் சேமிக்கலாம் என்ற முறையை 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் எட்கர் காட் என்னும் அறிவியலாளர். அவர் அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். இன்று வங்கி, இரயில்வே, பள்ளிக்கூடம் எனப் பெரும்பாலான இடங்களில் இம்முறையே வழங்குகிறது. இப்படிச் சேர்த்து வைத்த அட்டவணைகளின் தொகுப்பையே தரவுத்தளம் என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டி. இது நாம் கற்பனையாக வைத்துக்கொண்ட மண்டிதான். சுற்று வட்டார விவசாயிகள் காலையில் மூட்டைகளைக் கொண்டு வருகிறார்கள். எடை போடப்படுகிறது; விலை பேசப்படுகிறது; கமிஷன் கழித்துப் பணம் கொடுக்கப்படுகிறது. சில சமயம் பாதிப் பணம் கையிலும் மீதி பாக்கியிலும் நிற்கும். இக்கணக்குகளைக் கணிப்பொறியில் வைக்க ஒரு புரோகிராம் எழுதுகிறார்கள். அதில் இரண்டு அட்டவணைகள். முதலாவது 'விவசாயி' அட்டவணை. பெயர், ஊர், பாக்கித் தொகை என்று மூன்று நிரல்கள். இரண்டாவது 'ரசீது' அட்டவணை. தேதி, எடை, விலை முதலியவை.

ஆறு மாதம் கழித்து மண்டிக்காரர், "விவசாயியின் மாவட்டமும் வேண்டும்" என்கிறார். அட்டவணையில் புதிதாக ஒரு நிரல் சேர்க்க வேண்டும். நோட்டுப் புத்தகமாக இருந்தால் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தால் போதும். கணிப்பொறியில் அப்படி முடியாது. ஏன் தெரியுமா?

ஒரே பதிவேடு, மூன்று பிரதிகள்

கணிப்பொறியில் ஒரு புரோகிராம் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அதை எழுதுகிறவரின் கணிப்பொறியில் ஒரு பிரதி இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு பிரதி இருக்கும். மண்டியில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் பிரதி மூன்றாவது. இம்மூன்றிலும் தனித்தனித் தரவுத்தளங்கள். புரோகிராம் "மாவட்டம் என்ற நிரலைப் படி" என்று சொல்லும்போது, அந்தப் பிரதியின் தரவுத்தளத்தில் அந்த நிரல் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் புரோகிராம் நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு எடை போடும் வேளையில் அது நின்றால், மூட்டையோடு வந்தவர்கள் காத்து நிற்க வேண்டியதுதான்.

ஆகவே, மூன்று பிரதிகளிலும் ஒரே மாற்றம், ஒரே வரிசையில் நடக்க வேண்டும். மனித நினைவை நம்பி இதைச் செய்ய முடியாது. "மூன்றாவது கணிப்பொறியில் அந்த நிரலைச் சேர்த்தோமா, இல்லையா?" என்ற ஐயம் எழுந்தே தீரும். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக எழுந்ததுதான் 'மைக்ரேஷன்' என்னும் முறை. பறவைகள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்வதற்கும் இதே சொல்தான். இங்கே தரவுத்தளம் ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்திற்குப் பெயர்கிறது. நாம் இதனை 'மாற்றம்' என்றே அழைப்போம்.

மாற்றச் சீட்டும் மாற்றப் பதிவேடும்

வீடு கட்டுகிறவர்கள் கதவு நிலையையும் ஜன்னல் சட்டத்தையும் ஒவ்வொரு முறையும் மரத்தை அறுத்துத் தொடங்குவதில்லை. தயாராக இருப்பதை வாங்கிப் பொருத்துகிறார்கள். அதுபோலவே வலைத்தளச் செயலிகளை எழுதுகிறவர்களுக்கு அடிப்படைப் பகுதிகளைத் தயாராகத் தரும் கட்டமைப்புகள் உள்ளன. இவற்றிற்குப் பிரேம்வொர்க் என்று பெயர். ஜாங்கோ, ரெயில்ஸ், லாரவெல் ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை.

ஜாங்கோவின் கதை சுவையானது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், செய்திகளை விரைவாக வலையில் ஏற்றுவதற்காக எழுதப்பட்டது அது. 2005-இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். தொடக்கத்தில் அதில் மாற்றங்களைக் கையாளும் வசதி இல்லை. 2008-இல் ஆண்ட்ரூ காட்வின் என்பவர் 'சவுத்' என்னும் துணைக் கருவியை எழுதி அக்குறையைத் தீர்த்தார். 2014-இல் வெளிவந்த ஜாங்கோ 1.7 பதிப்பில் அந்த வசதி ஜாங்கோவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

இம்முறையில் இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, மாற்றச் சீட்டு. இது ஒரு சிறிய கோப்பு. "விவசாயி அட்டவணையில் மாவட்டம் என்ற நிரலைச் சேர்" என்பது போன்ற கட்டளை இதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண்ணும் பெயரும் உண்டு. எந்தச் சீட்டுக்குப் பிறகு இது வர வேண்டும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். புரோகிராமோடு சேர்ந்து இச்சீட்டுகள் எல்லாப் பிரதிகளுக்கும் போகும்.

மற்றொன்று, மாற்றப் பதிவேடு. இது தரவுத்தளத்திற்கு உள்ளேயே இருக்கும் ஒரு தனி அட்டவணை. எந்தெந்தச் சீட்டுகளின் கட்டளை *இந்தத்* தரவுத்தளத்தில் நிறைவேறிவிட்டது என்பது இதில் இருக்கும். ஆக, சீட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. பதிவேடு என்ன செய்யப்பட்டது என்று சொல்கிறது. சீட்டுகள் எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றே. பதிவேடோ ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் தனி.

நமது மண்டியின் மாற்றப் பதிவேடு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

1 – மண்டி – 0001 துவக்கம் – 2018 ஏப்ரல் 2
2 – மண்டி – 0002 மாவட்டம் சேர்த்தல் – 2018 அக்டோபர் 8
3 – மண்டி – 0003 தொலைபேசி எண் சேர்த்தல் – 2019 மார்ச் 4

ஜாங்கோவின் பதிவேட்டில் இப்படி நான்கு நிரல்கள் உள்ளன: வரிசை எண், செயலியின் பெயர், சீட்டின் பெயர், நிறைவேற்றிய நேரம். லாரவெல் பதிவேட்டில் மூன்று: வரிசை எண், சீட்டின் பெயர், தொகுதி எண். ஒரே தடவையில் நிறைவேறிய சீட்டுகளுக்கு ஒரே தொகுதி எண் கிடைக்கும். கடைசித் தொகுதியை மட்டும் திரும்பப் பெற இது உதவுகிறது. ரெயில்ஸ் பதிவேட்டிலோ ஒரே ஒரு நிரல்தான். சீட்டின் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இனி, புதிய சீட்டு ஒன்று வருகிறது: "0004 தென்காசி மாவட்டம்". மண்டிக் கணிப்பொறியில் 'மைக்ரேட்' என்ற கட்டளையைக் கொடுக்கிறார்கள். அப்போது நடப்பது இதுதான். கணிப்பொறி முதலில் கையில் உள்ள சீட்டுகளைப் படிக்கிறது: 1, 2, 3, 4. அடுத்துப் பதிவேட்டைப் படிக்கிறது: 1, 2, 3. கணங்களின் வித்தியாசம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? முதல் கணத்திலிருந்து இரண்டாம் கணத்தைக் கழித்தால் மீதி 4. அந்தச் சீட்டை மட்டும் நிறைவேற்றுகிறது. முடிந்ததும் பதிவேட்டில் நான்காவது வரியை எழுதுகிறது. சோதனைக் கணிப்பொறியில் ஒருவேளை 1, 2 மட்டும் முடிந்திருந்தால், அங்கே 3, 4 என்ற இரண்டும் வரிசையாக நிறைவேறும். மீண்டும் ஒருமுறை கட்டளை கொடுத்தால் மீதி ஒன்றுமில்லை. கணிப்பொறி சும்மா இருந்துவிடும்.

வரிசை ஏன் முக்கியம் என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் சீட்டு மாவட்டம் என்ற நிரலை உண்டாக்குகிறது. நான்காம் சீட்டு அந்த நிரலில் தென்காசி என்று எழுதுகிறது. நான்கு முதலில் நடந்தால் எழுதுவதற்கு இடமே இருக்காது!

பதிவேட்டை நம்பித்தான் எல்லாம்

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "பதிவேட்டைப் பார்ப்பானேன்? நேராக அட்டவணையைத் திறந்து, அந்த நிரல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?" நல்ல கேள்வி. ஆனால் எல்லா மாற்றங்களையும் அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. "பாக்கித் தொகை எல்லாவற்றையும் ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்று, நூறால் பெருக்கு" என்று ஒரு சீட்டு இருக்கட்டும். அட்டவணையில் 45,000 என்று இருக்கிறது. அது ரூபாயா, பைசாவா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. பதிவேடுதான் சொல்ல வேண்டும். பதிவேடு தவறிப் போய், அந்தச் சீட்டு இரண்டாம் முறை ஓடினால் விவசாயியின் பாக்கி நூறு மடங்காகிவிடும். எனவேதான் ஜாங்கோ போன்றவை அட்டவணையை ஆராய்வதில்லை. பதிவேட்டை அப்படியே நம்புகின்றன.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும். பதிவேட்டுக்கும் உண்மைக்கும் இடையே விரிசல் விழும் வழிகள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதல் வழி, கையால் மாற்றுவது. அவசரத்தில் ஒருவர், சீட்டு எழுதாமல், தரவுத்தளத்தைத் திறந்து தொலைபேசி எண்ணுக்கு ஒரு நிரலைத் தாமே சேர்த்துவிடுகிறார். பதிவேட்டுக்கு இது தெரியாது. பின்னர் முறையான சீட்டு ஓடும்போது, "இந்த நிரல் ஏற்கெனவே இருக்கிறதே!" என்று தரவுத்தளம் மறுத்துவிடும். இதற்கு ஜாங்கோவில் ஒரு மருந்து உண்டு. கட்டளையை நிறைவேற்றாமல், நிறைவேறியதாகப் பதிவேட்டில் மட்டும் எழுதும்படி சொல்லலாம். அதற்கு 'ஃபேக்', அதாவது 'பொய்யாக' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நிரல் உண்மையிலேயே சரியாக இருக்கிறதென்று கண்ணால் பார்த்த பிறகே இம்மருந்தைத் தொட வேண்டும். பார்க்காமல் தொட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி வைத்தது போலாகும்.

இரண்டாம் வழி, பதிவேட்டின் வரிகளை அழிப்பது. "குழப்பமாக இருக்கிறது, புதிதாகத் தொடங்கலாம்" என்று எண்ணிப் பதிவேட்டைக் காலி செய்துவிட்டால் என்ன ஆகும்? கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கிலிருந்து ஒன்றுமில்லாததைக் கழித்தால் மீதி நான்கும்! கணிப்பொறி முதல் சீட்டிலிருந்து தொடங்கி, விவசாயி அட்டவணையை உண்டாக்க முயலும். அது ஏற்கெனவே இருப்பதால் பிழை காட்டி நின்றுவிடும். இதுவரை கேடில்லை. கேடு அடுத்த படியில்தான். "அந்த அட்டவணைதானே தடையாக இருக்கிறது? அதை நீக்கிவிட்டால் போகிறது" என்று யாராவது நீக்கினால், கட்டளை அழகாக ஓடி முடியும். புத்தம் புதிய அட்டவணையும் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு விவசாயியின் பெயரும் இராது. எவருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் இராது. தனியே எடுத்து வைத்த நகல் இல்லையென்றால் அதை மீட்க வழியில்லை.

மூன்றாம் வழி, ஓடி முடிந்த சீட்டைத் திருத்துவது. இதுதான் இருப்பவற்றுள் மிகவும் நுட்பமானது. இரண்டாம் சீட்டில் மாவட்டத்தின் பெயருக்கு 10 எழுத்து போதும் என்று எழுதியிருந்தார்கள். பிறகு போதாதென்று தெரிந்தது. அதே சீட்டைத் திறந்து 10-ஐ 30 ஆக்கிவிடுகிறார் ஒருவர். மண்டிப் பதிவேட்டில் 'இரண்டு முடிந்தது' என்று ஏற்கெனவே இருக்கிறது. சீட்டின் பெயர்தான் பதிவேட்டில் உண்டே தவிர, சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. எனவே மண்டியில் எதுவும் நடக்காது. அங்கே 10 எழுத்துதான். இன்னொரு மண்டியில் புதிதாக நிறுவினால் அங்கே 30. இரண்டு பதிவேடுகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தரவுத்தளங்கள் மட்டும் வேறு வேறு. பிழைச் செய்தியும் வராது. நீளமான மாவட்டப் பெயரோடு யாராவது ஒருவர் வரும் நாளில்தான் வெளிப்படும். இதைத் தடுக்கவே 'ஃப்ளைவே' என்னும் கருவி, ஒவ்வொரு சீட்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பதிவேட்டிலேயே வைத்துவிடுகிறது. சீட்டில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும், திருட்டு வெளிப்பட்டுவிடும்.

பத்திரப் பதிவு கற்றுத்தரும் பாடம்

அப்படியானால் தவறை எப்படித்தான் திருத்துவது? இதற்கு விடை கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகங்களில் இருந்து வருகிறது. வீடோ நிலமோ வாங்கும்போது பத்திரம் பதிவு செய்கிறோம். இது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நடக்கிறது. பதிவான பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்தால், பழைய பத்திரத்தைத் திறந்து யாரும் அடித்துத் திருத்துவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொரு பத்திரத்தை எழுதி, அதையும் பதிவு செய்கிறார்கள். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். வில்லங்கச் சான்று கேட்டால் பதிவானவை தேதியோடு வந்து நிற்கும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதில் மறைவு இல்லை.

மாற்றச் சீட்டுக்கும் அதே விதிதான். ஓடி முடிந்த சீட்டைத் தொடாதே. புதிய சீட்டு எழுது. "0005 மாவட்டப் பெயர் 30 எழுத்து" என்று ஒன்று எழுதினால், பழைய மண்டி, புதிய மண்டி இரண்டும் ஒரே நிலைக்கு வந்து சேரும்.

இருவர் ஒரே எண்ணை எழுதினால்?

நான்காம் வழி ஒன்றும் உண்டு. இரண்டு பேர் ஒரே வாரத்தில் தனித்தனியே வேலை செய்கிறார்கள். இருவரும் மூன்றாம் சீட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு நான்காம் சீட்டை எழுதிவிடுகிறார்கள். எது முதலில்? ஜாங்கோ எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; "எனக்கு முன்னால் மூன்று" என்று இரண்டு சீட்டுகளும் சொல்வதைப் பார்க்கிறது. சங்கிலிக்கு இரண்டு நுனிகள் இருப்பதைக் கண்டு, மேற்கொண்டு ஓட மறுத்துவிடும். அப்போது இரண்டு நுனிகளையும் முடிச்சுப் போடும் இணைப்புச் சீட்டு ஒன்றை எழுத வேண்டும். ரெயில்ஸ் வேறு வழியைக் கண்டது. 2008-இல் வந்த 2.1 பதிப்பு முதல், 1, 2, 3 என்ற எண்களுக்குப் பதில், சீட்டு எழுதப்பட்ட ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றைச் சேர்த்தே எண்ணாக வைத்துவிட்டது. இருவர் ஒரே விநாடியில் எழுதுவது அரிதல்லவா?

பாதியில் மின்சாரம் போனால்?

ஒரு சீட்டில் மூன்று கட்டளைகள். இரண்டு முடிந்ததும் மின்சாரம் நின்றுவிட்டது. பதிவேட்டில் இன்னும் எழுதப்படவில்லை. இப்போது மாற்றம் நடந்ததா, இல்லையா? போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம். நடந்தால் மூன்றும் நடக்கும். இடையில் தடைப்பட்டால் மூன்றும் நடக்காதது போலாகிவிடும். மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்தில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் அப்போதைக்கப்போதே உறுதியாகிவிடும். அங்கே பாதியில் நின்றால், எதுவரை முடிந்தது என்று ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆகவே, ஒரு சீட்டில் ஒரு சிறு மாற்றம் என்று வைப்பது நல்லது.

தென்காசிச் சீட்டை எழுதுவோம்

இனி நமது நான்காம் சீட்டுக்கு வருவோம். அவசரக்காரர் ஒருவர் இப்படி எழுதக்கூடும்: "திருநெல்வேலி என்று இருக்கும் இடமெல்லாம் தென்காசி என்று மாற்று." இது பெருந்தவறு. பாளையங்கோட்டையும் அம்பாசமுத்திரமும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கின்றனவே! ஊர் எது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். தென்காசிக்கு வந்த ஊர்களின் பட்டியல் ஒன்றைச் சீட்டிலேயே வைத்து, "ஊர் இப்பட்டியலில் இருந்தால் மாவட்டம் தென்காசி" என்று எழுதுவதே முறை.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் 'புளியங்குடி' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'புளியன்குடி' என்று எழுதியிருப்பார். நமக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. எழுத்து மாறிய விவசாயிகள் பழைய மாவட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எண்ணிக்கை. ஓடுவதற்கு முன் மொத்தம் எத்தனை நிரைகள், ஓடிய பின் தென்காசியில் எத்தனை, திருநெல்வேலியில் எத்தனை என்று எண்ண வேண்டும். கூட்டல் சரியாக வருவது மட்டும் போதாது. திருநெல்வேலியில் மிஞ்சிய ஊர்களின் பெயர்களை ஒருமுறை கண்ணால் படிக்கவும் வேண்டும்.

அடுத்து ரசீதுகள். 2018-இல் கொடுத்த ரசீதில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருக்கிறது. அதையும் மாற்றலாமா? கூடாது. அந்த நாளில் அதுதான் உண்மை. விவசாயியின் கையிலிருக்கும் காகித ரசீதில் ஒன்றும், கணிப்பொறியில் வேறொன்றும் இருந்தால் எதை நம்புவது? எனவே இன்றைய முகவரியைச் சொல்லும் 'விவசாயி' அட்டவணை மட்டும் மாறும்; நடந்து முடிந்ததைச் சொல்லும் 'ரசீது' அட்டவணை மாறாது. அஞ்சல் குறியீட்டு எண்ணையும் தொடக் கூடாது. மாவட்டம் மாறிய பிறகும் புளியங்குடியின் எண் 627855-தான். அஞ்சல் துறையின் எண் அஞ்சல் நிலையங்களைப் பொறுத்தது. வருவாய் மாவட்டத்தைப் பொறுத்ததன்று.

கடைசியாக, திரும்பும் வழி. ஒவ்வொரு சீட்டிலும் முன்னோக்கிச் செல்லும் கட்டளையோடு பின்னோக்கி வரும் கட்டளையையும் எழுதி வைக்கலாம். பின்னோக்கி வந்தால் ஜாங்கோ பதிவேட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடும். ஆனால் எல்லாவற்றிற்கும் திரும்பும் வழி கிடையாது. பாக்கித் தொகை என்ற நிரலை நீக்கிவிட்டு, பிறகு பின்னோக்கி வந்தால், நிரல் திரும்பி வரும். அதிலிருந்த தொகைகள் திரும்பி வாரா. பாத்திரம் வந்துவிட்டது, பால் வரவில்லை என்ற கதைதான். இதனால் அனுபவசாலிகள் எதையும் ஒரே மூச்சில் நீக்குவதில்லை. முதல் சீட்டில் புதிய நிரலைச் சேர்ப்பார்கள். இரண்டாம் சீட்டில் பழையதிலிருந்து புதியதற்குத் தகவலை நகலெடுப்பார்கள். சில வாரங்கள் இரண்டையும் வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பின்னரே மூன்றாம் சீட்டில் பழையதை நீக்குவார்கள். அதற்கு முன்பும் தரவுத்தளத்தின் முழு நகல் ஒன்றை வேறிடத்தில் எடுத்து வைப்பார்கள்.

பதிவேடு நீண்டுவிட்டால்?

பத்து ஆண்டுகள் ஓடிய செயலியில் சீட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். புதிதாக ஓரிடத்தில் நிறுவும்போது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட நேரமாகும். சேர்த்த நிரலை அடுத்த ஆண்டே நீக்கியிருப்பார்கள். அதையும் சேர்த்து நீக்கி வீண் வேலை நடக்கும். ஆகவே பல சீட்டுகளைச் சுருக்கி ஒரே சீட்டாக ஆக்கும் வசதி ஜாங்கோவில் உண்டு. ஒன்று முதல் நூறு வரை உள்ளவற்றின் இறுதிப் பயன் எதுவோ, அதை மட்டும் அந்தச் சுருக்கச் சீட்டு செய்யும். "இன்னின்ன சீட்டுகளுக்குப் பதிலாக நான்" என்ற குறிப்பும் அதில் இருக்கும்.

ஆனால் பழைய சீட்டுகளை உடனே கிழித்துப் போடக் கூடாது. ஏதோ ஒரு மண்டியில் அறுபதாவது சீட்டு வரைதான் ஓடியிருக்கலாம். மீதி நாற்பதும் அவர்களுக்கு வேண்டும். எல்லா இடங்களும் நூறைக் கடந்துவிட்டன என்று அந்தந்தப் பதிவேடுகளைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பழையவற்றை நீக்க வேண்டும்.

இவையெல்லாம் பெருநகரங்களில் மட்டும் நடக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. உலகின் பல நாடுகளில் பயன்படும் மென்பொருள்கள் அங்கே உருவாகின்றன. மலையடிவாரத்துப் பள்ளிகளில் படிக்கும் உங்களில் சிலர் நாளை இத்தகைய பதிவேடுகளுக்குப் பொறுப்பேற்கலாம்.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. மூன்று நண்பர்கள், மூன்று நோட்டுகள், சில காகிதத் துண்டுகள் போதும். ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் பெயர், ஊர் என்ற இரண்டு நிரல்களோடு ஐந்து பேரின் அட்டவணை ஒன்றை ஒரே மாதிரி எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் 'மாற்றப் பதிவேடு' என்று தலைப்பிடுங்கள்.

ஐந்து காகிதத் துண்டுகளில் ஐந்து மாற்றங்களை எண்ணிட்டு எழுதுங்கள். ஒரு நிரல் சேர்த்தல், ஒரு பெயர் மாற்றம், ஓர் எண்ணை இரட்டிப்பாக்கல் என்று பலவிதமாக இருக்கட்டும். முதல் நண்பர் ஐந்தையும் செய்யட்டும். இரண்டாமவர் மூன்று வரை. மூன்றாமவர் ஒன்று மட்டும். செய்ததைப் பதிவேட்டில் எழுத மறக்க வேண்டாம். மறுநாள் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, அட்டவணையைப் பார்க்காமல் பதிவேட்டை மட்டும் பார்த்து மீதியைச் செய்யுங்கள். முடிவில் மூன்று அட்டவணைகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ஒரு நோட்டில், எண்ணை இரட்டிப்பாக்கிய வரியை மட்டும் பதிவேட்டிலிருந்து அழித்துவிட்டு, இந்தச் சோதனையை மீண்டும் நடத்துங்கள். எந்த அட்டவணை தவறாகிறது? அட்டவணையை மட்டும் பார்த்து அந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடிகிறதா? உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள்.